தில்லைவனத்து ஓரக் குடிகள்
(உப்பனாற்றங்கரை முதல் பிச்சாவரம் வரை: ஒரு வாழ்வியல் நோக்கு)

முன்னுரை

மழைக்காடு என்றவுடன் நம் மாணவர் மனக்கண்ணில் தோன்றுவது மேற்கு மலைத்தொடரின் ஆனைமலையோ அகத்தியர் மலையோ ஆகும். எல்லைப்புறத்து ஊர் என்றால் மலை முகட்டுக்கு அப்பால், வழி அடைந்து கிடக்கும் ஏதோ ஒரு சிற்றூர் நினைவுக்கு வரும். ஆயின், கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் அன்றாடம் பேருந்தில் செல்லும் நாம், அச்சாலையின் கிழக்கே சில கல் தொலைவில் ஆண்டு முழுதும் நீரில் நிற்கும் ஒரு பசுங்காடு இருப்பதையும், அதன் ஓரத்தில் நாம் அறியாத மக்கள் வாழ்வதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்காடு பிச்சாவரம், அம்மக்கள் இருளர். ஒரு காட்டோரத்து ஊரின் வாழ்வு எத்தகையது, அது எவற்றால் தாங்கப்படுகிறது, எவற்றால் நலிகிறது என்பதை நம் வட்டாரச் சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அச்சாலையோரத்திலேயே அமைந்துள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் அண்டை ஊர்களையும், மலைநாட்டு ஊர் ஒன்றையும் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்வோம்.

நிலமும் எல்லையும்

தொல்காப்பியர் வகுத்த திணைப் பாகுபாட்டின்படி இந்நிலப்பகுதி நெய்தலாகும். கடலும் கடல் சார்ந்த இடமும் முதற்பொருள், எற்பாடு சிறுபொழுது, இரங்கல் உரிப்பொருள். திணைகளைத் தனித்தனியே பயிலும் நாம், நிலங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதை நேரில் காணும்போது வியப்படைகிறோம். பிச்சாவரத்தில் மருத நிலத்து வாய்க்கால்கள் வயல் நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கான் சாகிப் கால்வாய் அவற்றுள் ஒன்று. கிழக்கிலிருந்து கடல் ஓதம் ஏறி வருகிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடத்தில் காடு நிற்கிறது. ஆகவே மருதமும் நெய்தலும் கைகோத்து, முல்லையின் இயல்பையும் ஓரளவு ஏற்ற நிலம் இது எனலாம்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இவ்விரண்டின் கழிமுகங்களுக்கு இடையே, சிதம்பரத்திற்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 1,100 எக்டேர் பரப்பில் இக்காடு அமைந்துள்ளது. முற்காலத்தில் கொள்ளிடம் தென்னார்க்காடு, தஞ்சை மாவட்டங்களைப் பிரித்தது. 1993இல் கடலூர் மாவட்டம் தனியே அமைந்தது. 2020இல் மயிலாடுதுறை மாவட்டம் உருவாயிற்று. இன்று அவ்விரு மாவட்டங்களுக்கும் கொள்ளிடமே எல்லை. எனவே இது இருவகையில் எல்லை நிலமாகிறது: ஆட்சி எல்லை ஒன்று, நிலமும் கடலும் சந்திக்கும் இயற்கை எல்லை மற்றொன்று. முந்தைய எல்லையை வருவாய்த் துறை வரைபடம் காட்டும். பிந்தைய எல்லையோ நாளுக்கு இருமுறை ஏற்றத்திலும் வற்றத்திலும் இடம் மாறுகிறது. இங்குள்ள குடிகளின் நாளும் பொழுதும் இவ்விரண்டாம் எல்லையின்படியே நடைபெறுகின்றன.

ஊர்ப்பெயர்கள் கூறும் செய்தி

ஒரு வட்டாரத்தின் பழைய நிலையை அறிய ஊர்ப்பெயர்கள் பெருந்துணை புரியும். சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. அது ஒரு மரத்தின் பெயர். குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களுள் தில்லைப் பூவும் ஒன்று. சிதம்பரம் கோயிலின் தலமரமும் தில்லையே. ஊரைச் சூழ்ந்து ஒரு காலத்தில் தில்லைவனம் இருந்தது என்பது தலமரபு. இன்று அம்மரம் செழித்து நிற்பதைக் காண விரும்புவோர் பிச்சாவரத்திற்கே செல்லுதல் வேண்டும்.

இனி வடக்கே செல்வோம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்கள் குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், பச்சையாங்குப்பம், சோனஞ்சாவடி, தைக்கால் தோணித்துறை என்பன. ஈச்ச மரமும் காரைச் செடியும் நின்ற காடுகள் முதல் மூன்று பெயர்களுள் இரண்டில் தங்கியுள்ளன. குப்பம் என்பது கடற்கரைக் குடியிருப்பைச் சுட்டும் சொல். தோணித்துறை என்ற பெயர், ஆறு போக்குவரத்துக்குப் பயன்பட்டதைத் தெரிவிக்கிறது. தைக்கால் என்பது இறைநேசர் அடங்கிய அல்லது தங்கிய இடத்தைக் குறிக்கும் தைக்கா என்னும் இஸ்லாமியத் தமிழ் வழக்கோடு தொடர்புடையது.

இதே தைக்கால் என்னும் பெயர் பிச்சாவரத்தை அடுத்த கிள்ளையிலும் உண்டு. மாசி மகத்தன்று திருமுட்டத்துப் பூவராகப் பெருமாள் கடல் நீராடக் கிள்ளைக்கு எழுந்தருளுங்கால், கிள்ளை தைக்காலில் உள்ள தர்காவின் முன் முஸ்லிம்கள் வரவேற்பு அளிக்கும் மரபு இன்றும் போற்றப்படுகிறது. காடும் கழியும் பல சமயத்தாரும் கூடி வாழ்ந்த கரை இது என்பதை இப்பெயர்கள் நமக்கு எடுத்துரைக்கின்றன.

மற்றொரு பெயரொற்றுமையும் குறிப்பிடத்தக்கது. தொழிற்பேட்டையின் கிழக்கே ஓடும் ஆற்றின் பெயர் உப்பனாறு; பிச்சாவரத்தினூடே செல்லும் ஆற்றின் பெயரும் உப்பனாறே. இரண்டும் வேறுவேறு நீரோட்டங்கள். எனினும் கடல் ஓதம் ஏறி உவர்க்கும் ஆறு என்னும் பொருளில் மக்கள் இரண்டிற்கும் ஒரே பெயரை இட்டனர். பெயரால் ஒன்றான இவ்விரு ஆறுகளின் இன்றைய நிலை ஒன்றாக இல்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

காட்டின் இயல்பு

சேற்று நிலத்தில் மரம் வளர்வது எளிதன்று. சேற்றில் காற்று இல்லை. நீரில் உப்பு மிகுதி. அலையோ விதையை நிலைகொள்ள விடுவதில்லை. இம்மூன்று இடர்களையும் அலையாத்தி மரங்கள் வெல்லும் முறை வியப்பிற்குரியது. வெண்கண்டல் மரம் தன் வேர்களைச் சேற்றிலிருந்து மேல்நோக்கி எழுப்பி அவற்றால் மூச்சு விடுகிறது. உப்பை இலைவழி வெளியேற்றுகிறது. சுரபுன்னை மரம் தாங்கு வேர்களைப் பந்தற்கால்கள் போல் ஊன்றி நிற்கிறது. அதன் விதை தாய்மரத்திலிருக்கும்போதே முளைத்து நீண்டு, பின் கீழே விழுந்து சேற்றில் குத்தி நிற்கிறது. தில்லையின் பால் கண்ணிற்பட்டால் பார்வைக்கே கேடு விளையும். ஆதலால் விறகு வெட்டுவோரும் அதனிடம் அஞ்சியே செல்வர்.

சங்கப் புலவர் நெய்தல் ஊர்களுக்குக் கண்டல் மரங்களை வேலியாகச் சொல்லியுள்ளனர். கண்டல் என்னும் சொல் மலையாள வழக்கின் வழியே மேனாட்டுத் தாவரவியலாரைச் சென்றடைந்து, கண்டேலியா என இலத்தீன் பெயராகவும் நிலைத்தது. பறங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் நெடுங்காலமாக இக்காட்டை ஆராய்ந்து வருகிறது. பிச்சாவரத்தில் கண்டறியப்பட்ட ஒரு கலப்பினச் சுரபுன்னைக்கு 1995இல் அப்பல்கலைக்கழகத்தின் பெயரே சூட்டப்பட்டது. 2022இல் பிச்சாவரம் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’ திரைப்படத்தால் நாடறிந்த இக்காடு, இவ்வாறு உலகறிந்த காடாகவும் ஆயிற்று. ஆயினும் காட்டைப் பற்றி அறிந்த அளவுக்கு அதன் ஓரத்துக் குடிகளைப் பற்றி நாம் அறிந்திலோம்.

இருளர் வாழ்வும் தொழிலும்

இருளர் தமிழ்நாட்டின் 36 பட்டியல் பழங்குடிகளுள் ஒருவர். மிகவும் நலிவுற்ற ஆறு பழங்குடிகளுள்ளும் வைத்து எண்ணப்படுபவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் தொகை ஏறத்தாழ 1.9 இலட்சம். நீலகிரி, கோவை மலைகளில் வாழும் இருளர் தமக்கெனத் தனிமொழி உடையவர்கள். வடமாவட்டச் சமவெளியிலும் கடற்கரையிலும் வாழ்வோர் தமிழே பேசுகின்றனர். வயலில் எலி பிடித்தல், பாம்பு பிடித்தல், மூலிகை திரட்டல், காவல் காத்தல் முதலியன இவர்தம் பழந்தொழில்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வாணிகம் நின்றது. செங்கற்பட்டுப் பகுதியில் 1978இல் தோன்றிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒரு பகுதியினர்க்கு மாற்று வழி தந்தது. ஏனையோர் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு சென்றனர். கொத்தடிமை முறை 1976இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் பலர் அதினின்றும் மீளவில்லை.

பிச்சாவரத்து இருளரோ கழியை நம்பியவர்கள். இவர்தம் மீன்பிடிமுறை நாம் அறிந்த பரதவர் முறைகளினின்றும் வேறானது. பழைய முறையில் படகு இல்லை, வலை இல்லை. வற்றம் தொடங்கி நீர் இடுப்பளவு குறைந்ததும் ஆண்களும் பெண்களும் கழியில் இறங்குகின்றனர். ஓலையால் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லாற் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடித்துப் பறிக்குள் இடுகின்றனர். சிலர் வளைந்து நின்று, வட்டத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்கிக்கொண்டு வருவதும் உண்டு. கெளுத்தியின் முள்ளும் நண்டின் கொடுக்கும் கைக்கு ஊறு செய்யும். கிளிஞ்சலும் மட்டி ஓடும் காலைக் கிழிக்கும். மணிக்கணக்கில் உவர்நீரில் நிற்பதால் தோல் ஊறி வெடிக்கும்.

இத்தொழிலுக்கு முதல் வேண்டுவதில்லை. ஆனால் முதல் இல்லாத தொழிலுக்குப் பிணையும் இல்லை. படகும் வலையும் உடையவர் வங்கியிலோ சங்கத்திலோ அவற்றைக் காட்டிக் கடன் பெறலாம். கையையும் பறியையும் மட்டும் உடையவர் எதனைக் காட்டுவர்? வணிகரிடம் முன்பணம் பெற்று, அவர் சொன்ன விலைக்கே இறாலைக் கொடுத்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வெள்ளம் கழியை நிரப்பும் நாட்களில், வருவாய் அற்றுப் போகும், கடன் வளரும். ஓதம் பார்த்துத் தொழிலுக்குச் செல்லும் பெற்றோருக்குப் பள்ளி மணி ஒத்துவருவதில்லை. அதிகாலையில் வற்றம் என்றால் தாய் அப்போதே சென்றுவிடுவாள். மூத்த பிள்ளை இளைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடும். பிள்ளையின் படிப்பு இடையில் நிற்பதற்குக் கடலின் காலக்கணக்கும் ஒரு காரணம் என்பதை நம் கல்வித் திட்டங்கள் கருத்தில் கொள்வதில்லை.

சான்றிதழும் உரிமையும்

பழங்குடி என்று சட்டத்தில் இடம்பெற்றிருத்தல் வேறு. பழங்குடி என்பதற்குக் கையில் தாள் வைத்திருத்தல் வேறு. தமிழ்நாட்டில் 1989 நவம்பர் வரை வட்டாட்சியரே பழங்குடியினர் சான்றிதழ் வழங்கினார். போலிச் சான்றிதழ்களைத் தடுக்கும் பொருட்டு அதன்பின் அப்பொறுப்பு கோட்டாட்சியருக்கு மாற்றப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும் விளைவை எண்ணுதல் வேண்டும். தந்தையின் சான்றிதழைக் கொண்டுவா என்று அலுவலகம் கேட்கிறது. எழுத்தறியாத, நிலமற்ற, இடம்விட்டு இடம் பெயர்ந்த தந்தைக்குச் சான்றிதழ் ஏது? தந்தைக்கு இல்லாததால் மகனுக்கு இல்லை. மகனுக்கு இல்லாததால் பேரனுக்கும் இல்லாமற் போகிறது. மலையில் வாழ்பவரே பழங்குடியினர் என்னும் தவறான எண்ணமும் கடற்கரை இருளர்க்கு ஒரு தடையாயிற்று. தமிழக இடஒதுக்கீட்டில் பழங்குடியினர்க்குரிய பங்கு 1 விழுக்காடு. சான்றிதழ் இல்லையேல் அதுவும் எட்டாக்கனியே.

இதன் பின்விளைவு கல்வியோடு நிற்பதன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் தங்கியும் காட்டை நம்பியும் வாழ்வோர்க்கு உரிமை வழங்குகிறது. மீன் முதலிய நீர்வளங்களைப் பயன்கொள்ளும் உரிமையும் அதில் அடங்கும். பழங்குடியினர் 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்து காட்டைச் சார்ந்து வாழ்ந்தமையைக் காட்டினாற் போதும். ஏனையோரோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், வாழ்ந்தமைக்குச் சான்று காட்டுதல் வேண்டும். ஆகவே ஒரே கழியில் ஒரே நாளில் இறால் தடவும் இருவருள், சான்றிதழ் உடையவருக்கு வாயில் திறக்கிறது. இல்லாதவர் தம் பாட்டன் காலத்து ஆவணத்தைத் தேட வேண்டியவராகிறார். தமிழ்நாட்டில் இச்சட்டத்தின்கீழ் உரிமைப் பட்டா வழங்குவது நீதிமன்ற ஆணையால் சில ஆண்டுகள் தடைபட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிய பின்னரே வழி பிறந்தது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஓர் ஊர் சேய்மையில் உள்ளது என்பதை நாம் கல் தொலைவால் அளக்கிறோம். கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக் கோட்டாட்சியர் அலுவலகத்திற்குப் பேருந்தில் ஒரு மணி நேரமும் ஆகாது. ஆனால் அங்கிருந்து ஒரு தாள் ஊர் வந்து சேரத் தலைமுறைகள் ஆகுமெனில் அவ்வூர் சேய்மையில் இருப்பதாகவே கொள்ளுதல் தகும்.

காடு அழிந்ததும் மீண்டதும்

பிச்சாவரத்துக் காட்டின் பெரும்பகுதி கடந்த நூற்றாண்டில் நலிந்தது. ஆடு மாடு மேய்ப்போரும் விறகு வெட்டும் ஏழைகளுமே அதற்குக் காரணம் என்று பலரும் நெடுங்காலம் நம்பினர். சென்னையில் 1988இல் நிறுவப்பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் மேற்கொண்ட ஆய்வு வேறொரு காரணத்தை வெளிப்படுத்திற்று.

பிரிட்டிஷார் காலந்தொட்டு 1970கள் வரை இக்காடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, முறைவைத்து முற்றும் வெட்டப்பட்டது. ஒரு பகுதியின் மரம் முழுதும் வெட்டப்பட்டதும் ஈரச்சேறு வெயிலில் காய்ந்தது. காய்ந்த சேறு தாழ்ந்து, நிலம் தொட்டி போலாயிற்று. ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியேற இயலாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் மிஞ்சியது. அவ்வுப்பில் எவ்விதையும் முளைக்கவில்லை. அறிவியல் முறை என்று கருதிச் செய்யப்பட்ட வெட்டே நிலத்தைப் பாழாக்கியது. பழியோ விறகு சுமந்தவர் தலையில் ஏறியது.

காரணம் தெரிந்தபின் தீர்வும் தெரிந்தது. மீன் முள்ளின் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, அவற்றை இயற்கை ஓடைகளோடு இணைத்தனர். ஓதநீர் உள்ளே வந்து வெளியே சென்றது, உப்பு கழுவப்பட்டது, வாய்க்கால் கரைகளில் நட்ட கன்றுகள் வேரூன்றின. வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களும் கூடிச்செய்த பணி இது. எந்த ஊரார் காட்டை அழித்தார்கள் என்று சொல்லப்பட்டதோ, அவ்வூராரே வாய்க்கால் வெட்டிக் கன்று நட்டனர். காரணத்தை ஆராயாது எளியோர்மேல் குற்றம் சாட்டுதல் நீதியன்று என்பதுடன், அவ்வாறு சாட்டுவதால் நோயும் தீராது என்னும் படிப்பினையை இந்நிகழ்ச்சி நமக்கு அளிக்கிறது.

ஆழிப்பேரலையின் சான்று

2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. கடல் முகத்தில் மணல்மேட்டின்மேல் இருந்த சின்னவாய்க்கால், பில்லுமேடு போன்ற மீனவக் குடியிருப்புகள் அழிந்தன. காட்டிற்குப் பின்னே இருந்த ஊர்கள் பெரிதும் தப்பின. கடலூர் மாவட்டக் கரையைக் களமாகக் கொண்டு 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, மரங்கள் அடர்ந்த இடங்களில் சேதம் குறைவாக இருந்ததை எடுத்துக்காட்டியது. பறங்கிப்பேட்டை ஆய்வாளரும் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்து அவ்வாறே கூறினர். ஊர்கள் தப்பியதற்கு மரங்களைவிடக் கடலிலிருந்து அவை இருந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே காரணம் என 2006இல் வேறு ஆய்வாளர் மறுத்தனர்.

இரு கருத்துகளையும் சீர்தூக்கிப் பார்ப்போம். தொலைவே காத்தது எனக் கொண்டாலும், அத்தொலைவை வீடுகளும் பண்ணைகளும் நிரப்பாமல் வைத்திருந்தது எது? காடு அங்கே நின்றதாலேயே மக்கள் அதற்குப் பின்னே குடியமைந்தனர். எவ்வகையில் நோக்கினும் காட்டின் பயன் தெளிவு. சங்கப் புலவர் கண்டலை ஊருக்கு வேலி எனக் கண்டது வெறும் அணியன்று என்பது புலனாகும்.

அந்நாட்களில் பறங்கிப்பேட்டை இஸ்லாமிய ஜமாஅத்தினர் சாதி சமயம் பாராது மீனவ மக்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பசித்தவர்க்கு உணவளித்தல் இறைவழிபாட்டின் பகுதியெனக் கற்ற சமுதாயத்தின் செயல் அது. எனினும் பின்னர் வந்த நிவாரணப் பணிகளில், மீனவப் பஞ்சாயத்துகளின் வழியே பட்டியல் தொகுக்கப்பட்ட இடங்களில், அப்பஞ்சாயத்துகளில் இடம்பெறாத இருளர் பெயர்கள் விடுபட்டதும் உண்டு. மீன் பிடித்தும் மீனவர் எனப்படாதவர். காட்டோரம் வாழ்ந்தும் காட்டுவாசி எனப்படாதவர். பட்டியல்களின் எல்லையிலும் இவர்கள் எல்லைப்புறத்தாராகவே நின்றனர்.

மலைநாட்டு ஊர் ஒன்று

இங்கு மழைக்காட்டு எல்லையூர் ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு ஆனைமலைக்கு அண்மையில், அடர்காட்டினுள் அமைந்தது இடமலைக்குடி. அங்கு வாழ்வோர் முதுவர். தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தனர் என்பது அவர்தம் மரபு. பேச்சும் தமிழோடு நெருங்கியது. 2010இல் இவ்வூர் தனி ஊராட்சியாக்கப்பட்டது. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி அதுவே. நெடுங்காலம் காட்டுவழியே மணிக்கணக்கில் நடந்தே அங்குச் செல்ல இயன்றது.

அவ்வூரில் சின்னத்தம்பி என்னும் முதியவர் ஒரு தேநீர்க்கடை நடத்தினார். ஆசிரியர் முரளிதரனின் துணையோடு அக்கடையிலேயே சிறு நூலகம் ஒன்றையும் அமைத்தார். 2014இல் இதழாளர் பி. சாய்நாத் அதனைப் பற்றி எழுதியபோது நூல்கள் 160 இருந்தன. வைக்கம் முகம்மது பஷீரின் படைப்புகளும், மலையாளத்தில் பெயர்க்கப்பட்ட சிலப்பதிகாரமும் அவற்றுள் அடங்கும். காட்டினூடே நடந்து வந்து முதுவர் அந்நூல்களை இரவல் பெற்றனர். சாலை சென்று சேராத ஊருக்குச் சிலம்பு சென்று சேர்ந்தது.

சாலை இல்லாத இடமலைக்குடிக்குத் தன் ஊராட்சியும் தன் நூலகமும் கிடைத்தன. சாலையும் பேருந்தும் அருகிலுள்ள கழியோரக் குடிகளுக்கோ தமக்கென ஊராட்சி இல்லை. பெரிய ஊர்களின் ஓரத்தில் ஒரு நகர், ஒரு தெரு என்னும் அளவிலேயே அவை எண்ணப்படுகின்றன. ஓர் ஊரின் நிலை உயர்வதற்குச் சாலை மட்டும் போதாது; தன் காரியத்தைத் தானே பேசும் அவை ஒன்றும் வேண்டும் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும்.

தொழிற்பேட்டையின் அண்டை ஊர்கள்

தமிழ்நாடு தொழில் முன்னேற்ற நிறுவனமாகிய சிப்காட் 1971இல் தோன்றியது. அதன் கடலூர்த் தொழிற்பேட்டை 1980களில் சிதம்பரம் சாலையோரம் வளர்ந்தது. வேதிப்பொருள் ஆலைகள் மிகுதியாக அமைந்தன. வேலைவாய்ப்பு பெருகியதை மறுப்பதற்கில்லை. அண்டை ஊர்களின் காற்றும் நிலத்தடி நீரும் உப்பனாறும் கெட்டதையும் மறுப்பதற்கில்லை. நெய்தல் ஊர்களின் புலால் நாற்றத்தைச் சங்கப் பாடல்களில் பயின்றுள்ளோம். அது உணவின் மணம்; தொழிலின் அடையாளம். குடிகாடும் ஈச்சங்காடும் அறிந்த நாற்றம் வேறு. அழுகிய முட்டை போன்றது ஒன்று. அழுகிய பழம் போன்றது ஒன்று.

இவ்வூர் மக்கள் முறையீட்டோடு நிற்கவில்லை. எந்நாள், எந்நேரம், எத்திசையிலிருந்து எவ்வகை நாற்றம் வந்தது என்று குறித்து வைக்கவும், காற்றைப் பையில் பிடித்து ஆய்வகத்திற்கு அனுப்பவும் பயிற்சி பெற்றனர். 2004இல் வெளியான அவர்தம் அறிக்கை, இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் காற்றில் இருந்ததைத் தெரிவித்தது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மிகவும் மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளுள் கடலூரையும் சேர்த்தது. முறையாகக் குறித்து வைத்தமையால் எளிய மக்களின் மூக்கே முதற்சான்றாயிற்று. இம்முறை நம் ஆய்வு மாணவர்க்கும் ஒரு பாடமாகும்.

பிச்சாவரத்து உப்பனாற்றில் இறால் தடவும் கைகளுக்கு இன்னும் இறால் அகப்படுகிறது. தொழிற்பேட்டையின் உப்பனாற்றை நம்பியிருந்த தோணித்துறை மக்களோ மீன்வளம் குன்றியதைக் கண்டனர். ஒரு பெயருடைய இரு ஆறுகளுள் ஒன்றில் காடு நின்றது. மற்றொன்றின் கரையில் காடு பெயரளவில் மட்டுமே எஞ்சியது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. காட்டோரக் குடிகளின் வறுமை காட்டினால் வந்ததன்று. காட்டின்மீதும் கழியின்மீதும் அவர்க்குள்ள உரிமை எழுத்தில் ஏறாமையால் வந்தது. காட்டின் அழிவு அக்குடிகளால் வந்ததன்று; நிலத்தின் இயல்பறியாத வெட்டினால் வந்தது. காட்டின் மீட்சியோ அவர்தம் உழைப்பும் சேர்ந்தே வந்தது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் ஆற்றவேண்டிய பணி உண்டு. இருளரின் மீன்பிடிச் சொற்கள், ஓதக் கணக்கு, மர வழக்குகள், மருந்தறிவு ஆகியன அகராதிகளில் முழுமையாக ஏறவில்லை. கருப்பொருள் பட்டியலை மனனம் செய்யும் நாம், அக்கருப்பொருளோடு வாழ்வோரிடம் சென்று கேட்டுத் தொகுத்தல் வேண்டும். தொகுக்கச் செல்லும்போதே, சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தலும் வேண்டும். ஒரு கோடை விடுமுறையில் பத்து மாணவர் கிள்ளைக்குச் சென்று இவ்விரண்டையும் செய்வாராயின், துறைக்கு ஒரு சொற்றொகுதி கிடைக்கும். அவ்வூர்ப் பிள்ளைகளுள் சிலர்க்குக் கல்லூரி வாயில் திறக்கும். அப்பிள்ளைகளுள் ஒருவர் இதே மலரில் தம் ஊரைப் பற்றித் தாமே எழுதும் நாள் வருமாயின், இக்கட்டுரையினும் அது சிறந்ததாக அமையும் என்பதில் ஐயமில்லை.